ஸ்ரீரங்கத்து மிரர்

காலையிலிருந்து அமிர்தராஜ் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். ஸ்ரீரங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு புகார்கூட ஏறவில்லை.

தில்லை நகரில் ஓர் இணைய இணைப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவு அவனுடையது. யாராவது போன் செய்து "நெட் வரலை" என்றால் இங்கே கம்ப்யூட்டரில் அந்தப் புகாரை ஒரு டிக்கெட்டாகப் போடுவார்கள். அது ஸ்ரீரங்கம் கிளையிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலும் தானாகவே ஏற வேண்டும். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே ஒரு நகல் பத்திரமாக இருக்கும். அதற்குப் பெயர் மிரர்.

செய்தவன் அமிர்தராஜ். செய்த நாளிலிருந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மிரர் கொஞ்சம் மெதுவாகும். "பீக் லோடு" என்று விளக்குவான். கேட்டவர்களும் தலையாட்டினார்கள், பாவம்.

இன்று நாலு மணிக்கு முதலாளி ஜெகபர் சாதிக் ஒரு கல்லூரித் தாளாளரை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போய் இந்த மிரரைக் காட்டப்போகிறார். இன்றைக்கா பார்த்து இது படுக்க வேண்டும்? முதலாளி வேறு பச்சைமலையிலுள்ள கம்பெனி டவருக்கு மாற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே பஸ் வந்தால் அதிசயம். அமிர்தராஜும் அவன் மனைவி பெலிண்டாவும் எடமலைப்பட்டி புதூருக்கு வீடு மாறி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

முதலாளிக்கு போன் போட்டான்.

"சார், நம்ம மிரர் கொஞ்சம்..."

"தெரியும்பா. இன்ஷா அல்லா நாலு மணிக்குள்ள சரியாயிடும். நீ எதையும் தொடாத."

இதை அவன் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டான். உடனே தொட ஆரம்பித்தான்.

ஸ்ரீரங்கம் கிளையின் வாட்ச்மேன் அழகிரியைக் கூப்பிட்டான். "அண்ணே, அந்த கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"எதைப்பா?"

"லைட் எரியுது பாருங்க, அது."

"இங்க எல்லாத்துலயும்தான் லைட் எரியுது."

எதற்கும் இருக்கட்டும் என்று அழகிரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பதற்குள் ஸ்ரீரங்கத்தில் பாதித் தெருவுக்கு நெட் போனது. புகார்கள் கொட்டின. அத்தனையும் தில்லை நகரில் மட்டும்.

அமிர்தராஜுக்கு அடுத்த யோசனை வந்தது. ஸ்ரீரங்கத்தில் நேற்று வரைக்கும் உள்ளது இருக்கிறது. தில்லை நகரையும் நேற்றைக்கே கொண்டுபோய்விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமே? நேற்று எடுத்து வைத்த நகலைத் தில்லை நகர்க் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாயின. அடுத்த போன் வரும்வரை.

போதாக்குறைக்கு, காலையில் சரிசெய்து மூடிய டிக்கெட்டெல்லாம் மறுபடி திறந்துகொண்டன. லைன்மேன்களுக்குத் தானாகவே மெசேஜ் பறந்தது.

"தம்பி, தென்னூர்லேர்ந்து வெள்ளையம்மாள் பேசறேன். காலையிலயே நெட்டைச் சரிபண்ணிட்டாங்களே. இப்ப ஏன் மூணு பேர் ஏணியோட வந்து நிக்கிறாங்க?"

"அது... ஒரு செக்கிங்மா."

"டீ போட்டுக் குடுத்தேன். டீயைக் குடிச்சுட்டுச் சும்மா போறது மரியாதையில்லைன்னு ஒருத்தர் வயரை மாத்திட்டாரு. இப்ப நெட் வரலை."

"உடனே டிக்கெட் போட்டுடறேம்மா."

"போடாதப்பா. வீட்ல பால் இல்லை."

இனி நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். டிரைவரைத் தவிர பஸ்ஸில் எல்லோரையும் மனதுக்குள் திட்டினான்.

கிளைக்குள் நுழையும்போதே வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. மிரரின் திரையில் நேற்றைய புகார்கள்தான். அமிர்தராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலாளியை ஓரமாக மறித்தான்.

"சார், மிரர் போச்சு சார். நான் பச்சைமலைக்கே போயிடறேன்."

"சும்மா இருப்பா. கொஞ்சம் பொறு."

தாளாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புகார் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மளமளவென்று வந்துகொண்டே இருந்தன.

"அடேயப்பா," என்றார் தாளாளர். "ஆளே இல்லாம தானா வருதே."

முதலாளிக்கு இருமல் வந்தது. இருமி முடித்ததும் அமிர்தராஜின் தோளைத் தட்டினார். "எல்லாம் நம்ம அமிர்தராஜ் வேலைங்க."

அமிர்தராஜுக்கு உயிரே திரும்பி வந்தது. தான் செய்த மிரர் தன்னைக் கைவிடவில்லை என்று நினைக்க நினைக்க நெஞ்சு விம்மியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கலாமென்று பின்கட்டு அறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே, நெற்றி நிறையச் சமயபுரத்துக் குங்குமத்தோடு ஒரு பெண், செருப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே உட்கார்ந்து வேகவேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கு மாதிரி நான் கோயிலுக்குப் போற நாளுக்கு மாத்தாள் கேட்டிருந்தேனே, நீங்கதானா? உக்காருங்க, நான் விஜயராணி. தில்லை நகர் இதுல தெரியும், பாத்து அதுல அடிக்கணும், அவ்வளவுதான் வேலை. ஆனா அங்க அமிர்தராஜ்னு ஒரு சார் இருக்காரு, அவர் செஞ்ச மிரர் முதல் நாளே படுத்துடுச்சுங்கறது அவருக்கு மட்டும் தெரியக் கூடாது, பாவம் மனசு ஒடிஞ்சிடுவாருன்னுதான் முதலாளி என்னை வேலைக்கே வச்சாரு."