முகவரி மானம் மீட்ட படலம்

முகில்முடி சூடிய பூனாகலை மலையின் மேற்பிரிவிலே, தேயிலைப் பச்சையைப் பட்டாக உடுத்துப் பனித்துளியை முத்தாக அணிந்து நிற்கும் சரிவிலே, தகரக் கூரையும் நீலக் கதவும் தாங்கிய தனிவீடு ஒன்றில் வாழ்ந்த வீராங்கனையைப் பாடப் புகுந்தோம், செவி தாருங்கள். அவள் பெயர் ஜீவராணி. பூனாகலைக்கும் பண்டாரவளைக்கும் இடையே ஓட்டோ என்னும் முச்சக்கர ரதத்தை ஓயாது செலுத்தும் துஷாந்தின் துணைவி. ஒருகாலத்தில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையை ஆண்டு, இன்று முழங்கால் நோவால் வீட்டை மட்டும் ஆளும் ரெங்கம்மாவின் மருமகள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துபவள், ஆகவே பெரிதும் அஞ்சத்தக்கவள். நாவில் உறையும் கலைமகளே, எமக்குச் சொல் தருவாய்! எதிர்மலையில் நின்று சிக்னல் பொழியும் கோபுரமே, நீயும் இன்று ஒருநாள் கண் திறப்பாய்!

போரை அவள் தேடிப் போகவில்லை. அவள் கற்பித்த முன்பள்ளி, பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டதிலிருந்து, தன் பெயருக்கென்று ஒரு தொழில் இல்லையே என்ற ஏக்கம் அவள் நெஞ்சில் அடுப்புத் தணலாய்க் கனன்றுகொண்டிருந்தது. அவ்வேளையில்தான், கனடாவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழித் தமிழ் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று, சனிக்கிழமை மாலை ஒரு சோதனை வகுப்பை நடத்திக் காட்டுமாறு அவளை அழைத்தது. வகுப்பு நன்றாக நடந்தால் வேலை அவளுக்கு. அவள் வராது போனால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. புதன்கிழமை காலை, குளித்து, நெற்றியில் நீறணிந்து, மடிக்கணினியைத் திறந்து, அந்நிறுவனத்தின் இணைய வாசலை அவள் தட்டினாள். வாசல் திறக்கவில்லை. கல்வெட்டு எழுத்துப்போல் ஒரு வாசகம் மட்டும் தோன்றியது: ‘உங்கள் இணைய முகவரியின் நற்பெயர் மோசமாக உள்ளது. அனுமதி மறுக்கப்படுகிறது.’

இங்கே சற்று நின்று, இதன் பொருள் உரைப்போம். இணைய இணைப்புள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் எண்களால் ஆன முகவரி ஒன்று உண்டு. அம்முகவரியிலிருந்து குப்பை மின்னஞ்சலோ கள்ள நுழைவோ புறப்படுமாயின், உலகெங்கும் விழித்திருக்கும் கணினிக் காவலர்கள் அதனைக் கெட்டவர் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் அம்முகவரிக்காரர் எந்த வாசலில் நின்றாலும் சந்தேகம், எந்தக் கதவைத் தட்டினாலும் விசாரணை.

“ஏங்க, நம்ம அட்ரஸுக்குக் கெட்ட பேராம்” என்றாள் ஜீவராணி, ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவனிடம்.

அச்சொல் துஷாந்தின் காதைச் சேருமுன் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரெங்கம்மாவின் காதைச் சேர்ந்தது. துருவல் நின்றது.

“எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லல அத்தே, கம்பியூட்டர் சொல்லுது. இது வீட்டு அட்ரஸ் இல்ல. இன்டர்நெட் அட்ரஸ்.”

“எந்த அட்ரஸா இருந்தா என்னா? இந்த வீட்டுல குடிச்சிட்டு ரோட்டுல விழுந்தவன் உண்டா? அடுத்தவ கூடையில கை வச்சவ உண்டா?”

விளக்கம் கேட்கும் பொறுமை மானம் உள்ளவர்க்கு ஏது? முழங்கால் நோவை முந்தானையில் முடிந்துகொண்டு, வெறும் வாளியே ஆயுதமாக, தோட்டத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அவர் புறப்பட்டார். அங்கே, குழாய்நீர் குடத்தில் விழும் ஓசையையும் விஞ்சிய குரலில், “எங்க அட்ரஸுக்கு எந்தக் கெட்ட பேரும் கெடையாது, சொல்லிப்புட்டேன்!” என்று முழங்கினார். அதுவரை அதைப்பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அன்று மாலை செய்தி கீழ்ப்பிரிவை அடைந்தபோது, துஷாந்தின் வீட்டை அமெரிக்கா தடை செய்துவிட்டதாக அது வளர்ந்திருந்தது.

ஜீவராணியோ களத்தை விட்டகலவில்லை. வேறு வழியாக நுழையலாமென்று தேடுபொறியை நாடினாள். அதுவும் அவளை ஐயுற்று, ‘நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபியுங்கள்’ என்றது. நிரூபித்தாள். சமிக்ஞை விளக்குகள் உள்ள படங்களைத் தொடு என்றது; தோட்டத்துப் பாதையில் என்றுமே காணாத அவ்விளக்குகளைத் தேடித் தேடித் தொட்டாள். பேருந்துகளைத் தொடு என்றது, தொட்டாள். தீயணைப்புக் குழாயைத் தொடு என்றது. அது என்ன சாமானென்று அறியாமலேயே, செந்நிறமாய்க் குட்டையாய் நின்றதையெல்லாம் தொட்டாள். கடலலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் எழ, பாறைபோல் அசையாது அவள் அமர்ந்திருக்க, மோட்டார் சைக்கிளின் கண்ணாடி முனை பக்கத்துக் கட்டத்துக்குள் அரை விரல் நீண்டிருந்ததைத் தொடுவதா விடுவதா என்ற தர்மசங்கடத்தில் வீராங்கனை தடுமாற, இயந்திரம் தன் தீர்ப்பை வழங்கியது: அவள் மனிதப் பிறவி என்று நம்புவதற்கில்லை. பெற்ற தாயும் கட்டிய கணவனும் ஐயுறாத ஒன்றை ஓர் எந்திரம் ஐயுற்றபோது, ஜீவராணி கண்ணாடியின் முன் போய் ஒருகணம் நின்றுவிட்டு வந்தாள் என்பதை இங்கே மறைக்கமாட்டோம்.

அடுத்து அவள் இணைய நிறுவனத்தின் உதவித் தொலைபேசியை முற்றுகையிட்டாள். மும்மொழியிலும் வரவேற்பு, அம்மூன்றிலும் காத்திருக்கும்படி கட்டளை, பிறகு வீணையோ ஹார்மோனியமோ என்று பிரித்தறிய முடியாத இசை. வியாழன் நண்பகல் வானம் இருண்டு மழை இறங்கும் நேரத்தில், மறுமுனையில் ஒரு மனிதக் குரல் உதித்தது.

“மேடம், ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

“பண்ணிப் பாருங்க. புது அட்ரஸ் வரும்.”

செய்தாள். வந்தது! புது முகவரி, பிறந்த குழந்தையின் நெற்றிபோல் கறையற்ற முகவரி! நிறுவனத்தின் வாசல் ஆலயக் கதவெனத் திறந்தது. துஷாந்த் ஓட்டோவின் ஹோர்னை வெற்றிச்சங்காய் ஒலித்தான். ரெங்கம்மா மீண்டும் பீலிக்குப் போய், “நான் சொல்லல?” என்று எல்லோரையும் கேட்டு வந்தார்.

அந்தோ, வெள்ளி விடிந்தது! வாசல் மீண்டும் சாத்திக்கிடந்தது. ஒரே இரவில் அந்தப் பச்சிளம் முகவரியும் பழி சுமந்து, ஊர் திரிந்த போக்கிரியைப்போல் தலைகுனிந்து நின்றது. நாளை வகுப்பு. ஜீவராணி இரண்டாம் முறை தொலைபேசினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஆபத்தை உணர்ந்த உதவியாளர் இம்முறை உடனே உண்மையைச் சொன்னார்.

“அப்ப பிரச்சின வெளிய இல்ல மேடம். ஒங்க வீட்டுல ஏதோ ஒரு சாமான்ல வைரஸ் இருக்கு. ஒண்ணொண்ணா கழட்டிப் பாருங்க.”

உட்பகை! கோட்டைச் சுவரை இடிக்க வந்த யானையைக் காட்டிலும், கோட்டைக்குள் உண்டு உறங்கும் ஒற்றன் கொடியவன் அல்லனோ? ஐயம் முதலில் பாய்ந்தது துஷாந்தின் கைபேசிமேல். “அதுல என்னென்ன கேம் போட்டு வச்சிருக்கீங்க?” என்று அவள் கேட்ட தொனியில், வீதியில் மூன்று பொலிஸ் சோதனைச் சாவடிகளைச் சிரித்துக்கொண்டே கடந்தவன் வேர்த்து, கைபேசியை அணைத்து அவள் காலடியில் சமர்ப்பித்தான். அவளும் தன் கைபேசியை அணைத்தாள், மடிக்கணினியை மூடினாள். பிற்பகல் நாடகம் முடிந்து ரெங்கம்மா தொலைக்காட்சியை நிறுத்தும்வரை காத்திருந்தாள். இப்போது அவ்வீட்டில் இணையத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர் எவருமில்லை. ஆயினும், மூலையில் இருந்த ரவுட்டரின் பச்சை விளக்கு, உடுக்கைக்கு ஆடும் சாமியாடியைப்போல் துடிதுடித்து ஆடிக்கொண்டேயிருந்தது.

யாருக்காக ஆடுகிறாய், விளக்கே?

ஜீவராணி வயரைப் பற்றித் தொடர்ந்தாள். தொலைக்காட்சி அணைந்திருந்தது; ஆனால் அதன் பின்னே, தூசியின் நிழலில், உள்ளங்கை அளவான ஒரு கறுப்புப் பெட்டி, சிவந்த ஒற்றைக் கண்ணோடு விழித்திருந்தது. அதன் மின்கம்பியைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு மூச்சு வாங்கி அடங்கியது. மீண்டும் மாட்டினாள், ஆட்டம் தொடங்கிற்று. பிடுங்கினாள், அடங்கிற்று.

பகைவனைக் கண்ட வீராங்கனைக்கு மகிழ்ச்சி வரவில்லை. அது ரெங்கம்மாவின் பெட்டி. மலையேற முடியாதென்று கால் அறிவித்த நாளில், அம்மா வெறுமனே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே என்று துஷாந்த் பண்டாரவளையில் ஸனூஸ் நானாவின் கடையில் வாங்கி வந்தது. தமிழ்நாட்டு நாடகமெல்லாம் அதில்தான் வரும். அந்த நாடகத்து மருமகள்கள் படும் பாட்டுக்கு ரெங்கம்மா கண்ணீர் விடுவார். அவ்வேளையில் தம் மருமகள் கேட்டது எதையும் மறுக்கமாட்டார். சனிக்கிழமை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஜீவராணி எண்ணினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நிழல் விழுந்தது.

“என்னா, பெட்டிய நோண்டிக்கிட்டிருக்க?”

“அத்தே... கெட்ட பேரு இதால வந்ததுதான்.”

“இதாலயா? இது நாடகம் மட்டுந்தானே காட்டுது?”

“நமக்கு நாடகம் காட்டுது. நாம தூங்கறப்ப யாரோ தூர இருந்துக்கிட்டு இத வச்சி களவு வேல செய்றாங்க. நம்ம பேர்ல ஊரெல்லாம் பொய்க் கடுதாசி போகுது.”

ரெங்கம்மா பெட்டியைப் பார்த்தார். பீலியடியில் தாம் முழங்கியதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

“ஒன் வகுப்பு முடியறவரைக்கும் கழட்டி வச்சா போதாதா?”

“திரும்ப மாட்டுனா திரும்ப வரும், அத்தே.”

நாளை பிற்பகல் எப்படியிருக்கும் என்பதை ரெங்கம்மா நன்கு அறிவார். அந்த நாற்காலி, அந்தச் சுவர், அந்தக் கால்நோவு. மருமகளின் முகத்தையும் பார்த்தார். முன்பள்ளி மூடிய நாளில் அவள் சுண்ணக்கட்டித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் நின்றதைப் பார்த்தவர் அவர்தான். ஆகவே, இரத்தம் காணாத போர்க்களங்களிலும் தியாகம் உண்டென்று உலகுக்கு உணர்த்துவார்போல், நோவுக்காலை ஊன்றி எழுந்து, பெட்டியின் வயர்கள் அனைத்தையும் தம் கையாலேயே பிடுங்கி, அதை மகனின் மடியில் போட்டு, பிரகடனம் செய்தார்:

“களவாணிக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது!”

கைதியை ஏற்றிக்கொண்டு முச்சக்கர ரதம் பண்டாரவளைக்கு விரைந்தது. ஸனூஸ் நானா கதையைக் கேட்டுக் கல்லாப்பெட்டியில் சாய்ந்துவிட்டார்.

“அல்லாவே! நல்ல சாமான்ன்டுதானே தம்பி நானும் கொழும்புல எடுத்த. என்ட வீட்டுலயும் இதேதான் ஈக்கி...” என்றவர் பாதியில் நின்றார். “அதானா என்ட மகள்ட லெப்டொப் எந்த நேரமும் பஸ் படம் காட்டுங்க, லைட் படம் காட்டுங்கன்டு கரச்சல் குடுக்குது?”

கடையை உதவியாளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினார். நல்ல பெட்டி வந்ததும் மாற்றித் தருவதாக ஓடிக்கொண்டே வாக்களித்தார்.

ரவுட்டர் மீண்டும் அணைந்து எழுந்தது. புதிய முகவரி வந்தது. அன்றிரவு அது எந்தப் பழிக்கும் ஆளாகவில்லை, சனி காலையிலும் கறையில்லை, மாலையிலும் இல்லை. குறித்த நேரத்தில் ஜீவராணி வாசலைத் தட்டினாள். ஒரு படமும் கேட்காமல், ஓர் ஐயமும் கொள்ளாமல், அது அவளை உள்ளே விட்டது.

திரையில் நிறுவனத்துப் பெண்மணி ஒருவரும், கம்பளிச் சட்டை போட்ட சிறுமி ஒருத்தியும் இருந்தார்கள். ஜீவராணி வணக்கம் சொல்லவும், தகரக் கூரைமேல் பெருமழை இறங்கவும் சரியாக இருந்தது. ஆயிரம் பறைகள் ஒருங்கே அதிர்ந்தாற்போன்ற அம்முழக்கத்தில் அவள் தயாரித்து வைத்திருந்த பாடமெல்லாம் அடித்துச் செல்லப்பட்டது.

“டீச்சர், அது என்ன சத்தம்?” என்றாள் சிறுமி.

ஜீவராணி கணினியைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பி, தேயிலைச் சரிவில் வெள்ளைத் திரையாய் விழுவதைக் காட்டினாள்.

“அதுதான் மழை. சொல்லுங்க பாப்போம்.”

“மளை.”

“நாக்க மேல மடிங்க. ழ... மழை.”

சிறுமி மடித்தாள், விட்டாள், மீண்டும் மடித்தாள். கமெராவுக்குத் தெரியாத மூலையில் அமர்ந்திருந்த ரெங்கம்மாவும், வாழ்நாள் முழுதும் மழையில் நனைந்தும் அச்சொல்லைச் சரியாகச் சொல்லாத தம் நாக்கை இரகசியமாய் மடித்து முயன்றார். கடைசியில் திரைக்கு அப்பாலிருந்து தெளிவாக வந்தது: “மழை!” சிறுமி கைதட்டிச் சிரித்தாள். பெண்மணியும் சிரித்து, “செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்குவமா, டீச்சர்?” என்றார்.

வாழி, களங்கம் நீங்கிய எண்களே! வாழி, துடிப்படங்கிய பச்சை விளக்கே! வாழி, எந்திரம் ஐயுற்றபோதும் மனிதப் பிறவியாகவே நிலைத்து நின்று, உட்பகை களைந்து, ஊர்ப்பழி துடைத்து, மழையையே பாடமாக்கி வென்ற ஜீவராணி! கொற்றவையும் நாணும் தியாகம் புரிந்து, தம் பகற்பொழுதுகளை மருமகளின் வெற்றிக்குப் பலியாக ஈந்து, புகழின் சிகரத்தில் இமயமென நிமிர்ந்து நின்ற ரெங்கம்மாவே, வாழி!

மறுநாள் ரெங்கம்மா நாடகம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.