கைநழுவிப் போன ஆகஸ்டு முறை

அன்பும் மரியாதையும் கலந்த பஹீஜா பெரியம்மாவுக்கு,

தந்தா நகரிலிருந்து ரிஹாப் எழுதுவது. நீங்களும் பெரியப்பாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி ஒன்றரை ஆகிறது. சின்னவன் இப்போதுதான் கண் மூடினான். உங்கள் மருமகன் இஸாம் பத்து மணிக்கே, மனசில் ஒரு பாரமும் இல்லாதவர் போலத் தூங்கிவிட்டார். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்குவீர்கள், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நம் சீட்டில் இருப்பவர்கள். காலையில் உங்கள் ஊர் தமன்ஹூருக்கு வரும் மைக்ரோபஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். காலை டிவி நிகழ்ச்சியில் ஒரு அம்மா, குடும்பம் என்றால் ஒன்றாக உட்கார்ந்து பண இலக்குகளைத் தாளில் எழுத வேண்டும் என்றார். நாலு வருஷம் வணிகவியல் படித்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முலூகியாக் கீரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்ததும் தாளை விரித்தேன்.

"இலக்குன்னா என்ன, கடனைத்தானே சொல்ற?" என்றார் இஸாம்.

"கடன் இல்லைங்க. நமக்கு என்ன வேணும்னு சொல்லணும்."

"எனக்கு ஒரு டீ வேணும்."

லுஜைன் ஆமை வேண்டும் என்றாள். குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாரே டிவி அம்மா, அதனால் எழுதிக்கொண்டேன். டீ குடித்ததும் இஸாமுக்குக் காருக்கு நாலு டயர் ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் இலக்காக, லுஜைனின் பள்ளிக்கூடம். ஆகஸ்டு இருபதுக்குள் முப்பதாயிரம் பவுண்டு கட்டினால்தான் இடம், ஒரு நாள் பிந்தினால் பட்டியலில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். அதற்காகத்தானே பெரியம்மா, பத்துப் பேர் மாதம் மூவாயிரம் போடும் உங்கள் சீட்டில் உங்களைக் கெஞ்சி ஆகஸ்டு முறையை வாங்கினேன். தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். இஸாம் கையெழுத்துக்கூடப் போட்டார்.

ஒட்டி நாலு நாள்கூட ஆகவில்லை, மேல் வீட்டு ஷௌகி ஏணி கேட்டு வந்தார். இஸாம் சொல்லி நீங்கள் சீட்டில் சேர்த்துக்கொண்டீர்களே, பதினெட்டு வருஷம் சுவீடனில் இருந்துவிட்டு வந்தவர், அவரேதான். மகள் கல்யாணம் செப்டம்பருக்கே முன்னதாக வந்துவிட்டது, பெண் வீட்டுச் சாமானில் பிரிட்ஜ் பாக்கி, தன் முறையோ கடைசி, ஏப்ரலில்தான் என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சைக் கேட்டால் இஸாமுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"எங்க ஆகஸ்டு முறையை எடுத்துக்குங்க அண்ணே. நீங்க வேற நாங்க வேறயா?"

உங்களுக்குத் தெரியாததா. டாக்சிக்காரர் 'காசு இருக்கட்டும் சார்' என்கிறார், அதற்காக யாராவது காசு கொடுக்காமல் இறங்குவோமா. ஒருவர் மூன்று தடவை கொடுப்பதும் மற்றவர் மூன்று தடவை மறுப்பதும்தானே முறை. ஷௌகியும் முதலில் "சேச்சே, வேண்டாம் தம்பி" என்றார். இதோடு விட்டிருக்கலாம். இவர் "கட்டாயம் எடுத்துக்கணும், இல்லைன்னா எனக்கு வருத்தம்" என்றார்.

"அப்படியா? வருத்தப்படாதீங்க. எடுத்துக்கறேன், ரொம்ப நன்றி," என்று ஷௌகி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ரெண்டாவது தடவை எதுக்குங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவையோட நிறுத்தினா கஞ்சன்னு நினைப்பார்."

"இப்ப என்ன நினைக்கிறாராம்?"

"நல்ல மனுஷன்னு."

மறுநாள் பள்ளிக்குப் போன் பண்ணி, கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லையா என்று கேட்டேன். கணக்கர் அம்மா, "மேடம், எப்ப முடியுதோ அப்ப கட்டுங்க, இது உங்க பள்ளிக்கூடம்" என்றார். இது நிஜமா, மரியாதைப் பேச்சா, எந்த வகையில் சேர்த்தி? "நிஜமாவா சொல்றீங்க?" என்றேன். அந்த அம்மா ஒரு தடவை இருமினார். அப்புறம், "இருபதாம் தேதிக்குள்ள வந்துடுங்க மேடம்" என்றார்.

இதுவரை படித்தால் தப்பு முழுக்க இஸாம் மேல்தான் என்று தோன்றும். தோன்றட்டும் என்றுதான் இப்படி எழுதினேன். ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நேற்று ஒரு தட்டு பஸ்பூசா இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு, ஜாடையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று மாடி ஏறினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனுஷரே சொன்னார்:

"லுஜைன் அம்மா, ஆகஸ்டுல உங்களுக்கு ஏதாவது அவசரம்னா தயங்காம சொல்லுங்க. முறையைத் திருப்பிக் கொடுத்துடறேன். நான் வேற வழி பார்த்துக்கறேன்."

பெரியம்மா, அதற்குத்தான் ஏறிப் போனேன். ஆனால் என் வாய், "ஐயோ, அல்லாஹ் மேல சத்தியமா வேண்டாம், அது உங்களோடது" என்றது. சொல்லிவிட்டு, அவர் இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். "அப்ப சரி" என்றார். டீ வந்தது, குடித்தேன். இன்னொரு டீ வந்தது, அதையும் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் போனில் பிரிட்ஜ் படங்களைக் காட்டி, வெள்ளையா சாம்பலா என்று கேட்டார். சாம்பல் நல்லாயிருக்கும் என்றேன். காலித் தட்டோடு இறங்கி வந்தேன். இஸாமிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சீட்டுக்குத் தலைவி நீங்கள். ஒரு தடவை முடிவான முறையை மாற்றும் வழக்கம் என் சீட்டில் கிடையாது என்று நீங்களாகவே ஷௌகிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கோபமாகவே சொல்லுங்கள், இஸாமையும் நாலு வார்த்தை திட்டுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் சொல்லித்தான் என்று மட்டும் தெரியக்கூடாது. சனிக்கிழமை ஷௌகி பிரிட்ஜுக்கு முன்பணம் கட்டிவிடுவார், அதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவுக்கு என் சலாம். பிள்ளைகள் உங்கள் கைகளில் முத்தமிடுகிறார்கள். ஆண்டவன் உங்கள் நிழலை எங்கள் மேலிருந்து எடுக்காமல் இருக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று அம்மா சொன்னாள், மனசு பதறிவிட்டது. அதற்கு ஆகஸ்டு பணம் உதவும் என்றால் கொஞ்சமும் யோசிக்காமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப் போகிறது. சத்தியமாகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் போன்ற
ரிஹாப்

பி.கு.: மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த முழங்கால் வரியை அடித்துவிடலாம் என்றால், அடித்தது தெரியும், அது இன்னும் மோசம். மனசார எழுதினேனா, கை பழக்கத்தில் எழுதியதா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் முழங்கால் எனக்கு முக்கியம்தான், பெரியம்மா. லுஜைனின் இடமும். பணம் உங்களுக்கு வேண்டுமென்றால் வேண்டும் என்று எழுதுங்கள். வேண்டாமென்றால் ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று எழுதுங்கள், நான் இரண்டாவது தடவை வற்புறுத்த மாட்டேன். எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.