கழுத்து வலித்த சாமி

நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் தலை போய்ச் சேர்ந்துவிடும். பகலெல்லாம் கம்ப்யூட்டர், மற்ற நேரம் போன் என்று குனிந்தே கிடந்ததில் உடம்பை விட்டுவிட்டுக் கழுத்து மட்டும் முன்னேறிவிட்டது. (வாழ்க்கையில் நான் கண்ட ஒரே முன்னேற்றம்.) கல்யாணத்தன்றே மாமியார் என் மனைவி கவிதாவிடம் கவலையோடு கேட்டாராம்:

"ஏம்மா, மாப்ள இன்னா எப்பப் பாத்தாலும் கீழ எதையோ தொலைச்சவரு மாதிரியே நிக்கிறாரு?"

அடுத்த மாதமே ஜவ்வாது மலையில் இருக்கும் மாமனார் ஊரில் வேடியப்பன் சாமிக்குக் கிடா வெட்டு. புது மாப்பிள்ளையாக முதல்முறை போகிறேன். சொந்தபந்தம் முழுக்கக் கூடும் இடத்தில் நிமிர்ந்து நின்று நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று, திருப்பத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அந்தப் பெண் என்னைச் சுவரோடு நிற்கவைத்துப் பார்த்தார். முதுகு ஒட்டியது, தலை ஒட்டவில்லை.

"மோவாய உள்ள இழுத்துப் புடிங்க சார். அப்புறம் காதைத் தோள் பக்கம் சாய்ங்க. கடைசியா மெதுவா ரெண்டு பக்கமும் திருப்புங்க. மணிக்கு ஒரு வாட்டி. எங்க இருந்தாலும் வெக்கப்படாம செய்ங்க."

கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போனில் அலாரம் வைத்துக்கொண்டேன்.

வேடியப்பன் கோயில் என்றால் கட்டடம் கிடையாது. புளியமரத்தடியில் நட்ட கற்கள், பக்கத்தில் ஒரு மண் குதிரை, அவ்வளவுதான். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி சம்மதித்துவிட்டதாக அர்த்தம், பிறகுதான் வெட்டலாம். எங்கள் ஆடு சிலிர்க்கவில்லை. சொம்பு சொம்பாகத் தெளித்தும் எனக்கென்ன என்று நின்றது. பசியோடு கூட்டம் முனக ஆரம்பித்தது.

"வூட்ல ஏதோ குறை இருக்குது" என்றார் பூசாரி.

எல்லோரும் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் அலாரம் அதிர்ந்தது. நிமிர்ந்தாவது நிற்போமே என்று கண்ணை மூடி, மோவாயை உள்ளே இழுத்தேன். மூச்சு புஸ்ஸென்று வந்தது. இடப்பக்கம் சாய்த்தேன், வலப்பக்கம் சாய்த்தேன். பம்பை மேளம் அடித்தவர் வேகத்தைக் கூட்டினார். (எனக்காகத்தான் என்று அப்போது தெரியாது.) தலையைத் திருப்ப ஆரம்பித்ததுதான் தாமதம், ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் உச்சந்தலையில் இறங்கியது. மலைக் குளிரில் நான் சிலிர்த்த சிலிர்ப்பில் ஆடே இரண்டடி ஒதுங்கி நின்றது. போன் அன்றோடு சரி.

"மாப்ள மேல சாமி வந்துட்ச்சி!"

மாமியார் என் காலில் விழுந்தார். "இன்னா குறை வெச்சோம் சாமி? சொல்லு!"

பயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "கழுத்து... கழுத்து வலிக்குது" என்றேன்.

மாமனார் மெல்ல மண் குதிரையைத் திரும்பிப் பார்த்தார். மழையில் அதன் கழுத்து வெடித்துப்போய், புதுசு வைப்பதாக வேண்டிக்கொண்டு மறந்தே போயிருந்தார்களாம்.

"தப்புதான் சாமி, புதுசு வெச்சிடறோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி தண்ணீர் தெளித்தார்கள். அதுவரை கல்லாக நின்ற பாழாய்ப்போன ஆடு, காதிலிருந்து வால்வரை உதறிச் சிலிர்த்தது.

அதற்குமேல் நான் யாரிடம் போய் உண்மையைச் சொல்ல? ஈரச் சட்டையோடு உட்கார்ந்து கறிச்சோறு தின்றேன். கவிதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்து முடித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள், அவன் ஊருக்கே சொன்னான். மாமியார் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. "குதிரை சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்? வந்தது சாமிதான்" என்று சாதிக்கிறார்.

புதுக் குதிரை மோவாயை உள்ளிழுத்து, பிசியோதெரபிஸ்ட் பார்த்தால் மெச்சும்படி நிமிர்ந்து நிற்கிறது. என் தலை இன்னும் எனக்கு முன்னால்தான் போகிறது. சாப்பிடும்போது லேசாகக் கழுத்தைச் சாய்த்துவிட்டால் போதும், மச்சினன் கைச்சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் கும்பிடுகிறான்:

"சொல்லு சாமி, இப்ப எந்தக் குதிரைக்கு இன்னா ஆச்சி?"