ஏகமனதாகக் குணமான தொடை

மருத்துவ உலகம் இதுவரை கண்ட சிகிச்சைகளில் தலைசிறந்தது, கை தூக்கி வாக்களிப்பதுதான். இதை எந்த நாட்டு மருத்துவர் முன்னாலும் சொல்ல நான் தயார். 1969-இல், போர் நடந்துகொண்டிருந்த தெற்கு வியட்நாமின் சைகோனில், கான் ஹொய் துறைமுகக் கிடங்குகளுக்கு நடுவே இயங்கிய மேன்மை தங்கிய கால்பந்துக் கழகம் ஒன்றில் அந்த அற்புதத்தைக் கண்ணாரக் கண்டேன்.

அங்கே நான் மசாஜ்காரன். நியமன உத்தரவில் 'தசைநலப் பொறுப்பாளர்' என்றிருந்தது. பதவி நீளம், மேசைதான் குட்டை. படுத்தால் வீரர்களின் கால் வெளியே தொங்கும்.

வலது ஓரத்தில் ஆடுபவன் கப்ரியேல். அப்பா காரைக்கால்காரர், அம்மா இந்த ஊர். அப்பாவிடமிருந்து மூக்கு வந்தது, அம்மாவிடமிருந்து குடியுரிமை வந்தது, குடியுரிமையோடு பட்டாளமும் வந்தது. கழகப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை பட்டாளம் கூப்பிடாது. பெயர் போனால் மறுவாரமே தலைமுடியும் போகும்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன், பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குப்புறப் போட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். பின்தொடைச் சதை ஓரிடத்தில் விட்டுப் போயிருந்தது.

"நல்லா உருவி விடுங்கண்ணே. ஞாயித்துக்கெழம பைனல்."

"கிழிஞ்ச சதைய உருவுனா இன்னும் கிழியும்டா. ஐஸ் வெச்சுக் கட்டிக்கிட்டு மூணு வாரம் படு."

"மூணு வாரம் படுத்தா பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் நீங்க உருவறதுக்குக் காலே இருக்காதுண்ணே."

அன்று மாலையே செயற்குழு கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற கர்னல், பிரெஞ்சில் பேசுவார். எனக்கும் பிரெஞ்சு தெரியும். இருந்தாலும் அதைத் தமிழில் எனக்கு எடுத்துச் சொல்வதைப் புதுச்சேரிக்காரரான செயலாளர் அகுஸ்தேன் தம் கடமையாகக் கருதினார்.

"தசை கிழிஞ்சிருக்கா இல்லியான்னு தலைவர் கேக்கறாரு."

"கிழிஞ்சிருக்கு முசியே."

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு ஓட்டு கெடையாது."

ஐந்து கைகள் உயர்ந்தன. தசை கிழியவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பொருளாளர் மட்டும், "எந்தக் கால்?" என்று விசாரித்தார். அதற்குள் தீர்மானம் குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

"ஒரு தடவை காலைப் பாத்துடுங்களேன்" என்றேன்.

"பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும்" என்றார் தலைவர். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொடையை இறுக்கிக் கட்டி மைதானத்துக்குள் அனுப்பினேன். ஆம், அனுப்பியவன் நான்தான். ஒன்பதாவது நிமிடம், பந்தைத் துரத்தியவன் புல்லில் சுருண்டான். தண்ணீரோடு ஓடினேன். தொடை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"அண்ணே, தீர்மானம் கிழிஞ்சிடுச்சு" என்றான். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். திங்கட்கிழமை அவசரக் கூட்டம். முழுசாக இருந்ததாகச் செயற்குழுவே சான்றளித்த கால் தானாகக் கிழியுமா? யாரோ கிழித்திருக்க வேண்டும். 'தசைநலப் பொறுப்பாளர் முரட்டுத்தனமாக உருவியதால் ஆட்டக்காரரின் வலது கால் நிரந்தரமாகச் செயலிழந்தது' என்று எழுதினார்கள். மறுபடி ஐந்து கைகள்.

'அந்தக் காலை நான் உருவவே இல்லை, நாலு மாதத்தில் அது சரியாகிவிடும்' என்று சொல்ல வாயெடுத்தேன். 'நிரந்தரமாக' என்ற சொல் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

"குத்தத்த ஒத்துக்கிறேன் முசியே. எனக்கு ஒரு நகல் மட்டும் குடுங்க. அஞ்சு கையெழுத்து, வட்ட முத்திரை, எல்லாத்தோடவும்."

அகுஸ்தேன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "வேலய விட்டே அனுப்பறோம். நகல் எதுக்கு?"

"வீட்டுச் சுவத்துல மாட்டி வெச்சு தெனம் வெக்கப்படத்தான்."

மனம் இளகிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் என் வீட்டுச் சுவரை எட்டவேயில்லை. பட்டியலிலிருந்து கப்ரியேலின் பெயர் போயிற்று, இரண்டு வாரத்தில் பட்டாளம் கூப்பிட்டது. காலைத் தட்டிப் பார்த்த ராணுவ மருத்துவர், "இது ஆறிவிடுமே" என்றாராம். கப்ரியேல் நகலை நீட்டினான். கர்னல் கையெழுத்தைப் பார்த்ததும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'தகுதியற்றவர்' என்று முத்திரை விழுந்தது. ஐந்தாம் மாதம் அவன் அம்மாவின் கடைக்கு நூடுல்ஸ் மூட்டை சுமந்துகொண்டு படியேறுவதைப் பார்த்தேன், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து.

வேலை போன அந்த வாரம், சாவியை ஒப்படைக்கப் போன அன்றுதான் ஆட்டக்காரர் பட்டியலை முழுதாகப் பார்த்தேன். நாற்பத்தாறு பெயர். என் மேசைக்கு வந்தவர்கள் பதினான்கு பேர்தான்.

"மத்த முப்பத்திரண்டு பேர் யாரு முசியே?"

அகுஸ்தேன் பட்டியலை மெல்ல மூடினார். "தலைவரோட பசங்க ரெண்டு பேரு. அவரு மருமவப் புள்ளைங்க நாலு. பொருளாளரு வூட்டுல மூணு... எல்லாம் ரிசர்வுப்பா."

கழகத்தை நான் குறை சொல்லமாட்டேன். நான் வேலை பார்த்த ஆறு வருடத்தில் அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்குக்கூடச் சுளுக்குப் பிடித்ததில்லை. குடியரசிலேயே அவ்வளவு பத்திரமான கால்கள் வேறு இல்லை. பட்டாளத்துக்கோ கணக்கு குறையக்கூடாது. அவர்களுக்குப் பதிலாக இந்தச் சந்துகளிலிருந்து வேறு முப்பத்திரண்டு பையன்களைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பையன்கள் வெறும் சுளுக்கோடு திரும்பி வந்திருந்தால், இந்தக் கழகத்தை நான் இன்னும் கொஞ்சம் புகழ்ந்திருப்பேன்.