மாடியில் அப்டேட் நடக்கிறது

நான் பயந்த சுபாவம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், பெண்டாட்டிக்குப் பயம். இந்த வரிசையில் முதல் இடம் யாருக்கு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவள் இப்போது மாடியில்தான் இருக்கிறாள். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

பெயர் பாலகுரு. மரக்காணம் உப்பு வியாபாரிகள் சங்கம் ஒன்றில் கிளார்க். போன வருஷம், 2005 ஆடியில், சங்கத்துக்கு மூன்று வயர்லெஸ் பெட்டிகள் வந்தன. ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். எடைமேடையில் உப்பு லாரி ஏறினால், எடை எவ்வளவு என்று கம்பி இல்லாமலே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். எடைமேடையில் ஒரு பெட்டி, ஆபீஸில் ஒரு பெட்டி. நடுவில் சவுக்குத் தோப்பு சிக்னலை மறைத்தது. தோப்பு ஓரத்தில் உயரமான மாடி யாருடையது என்று தேடினார்கள். என்னுடையது. மூன்றாவது பெட்டி என் மாடி ரூமில் வந்து உட்கார்ந்தது. மூன்றையும் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்தது.

பெட்டிகளை மாட்டிக் கொடுத்த விக்டர் புதுச்சேரிக்காரர். போகும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

“சார், இதுங்களுக்கு மேல தலைவன்னு எவனும் கிடையாது. ஒவ்வொண்ணும் தனிக்காட்டு ராஜா. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பண்ணணும். பண்றப்ப பாதியில கரண்ட் போச்சுன்னா பெட்டி செத்துரும். அப்புறம் பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சுக்கலாம், அவ்ளோதான்.”

எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் பயத்திலேயே எனக்கு ஒரு யோசனையும் பிறந்தது. மறுநாள் வீட்டில் அறிவித்தேன்.

“அம்சா, இனிமே மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அப்டேட். மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நான் மாடியில இருப்பேன்.”

“சரிங்க.”

“டிவி போடக்கூடாது. மிக்ஸி போடக்கூடாது. யாரும் மாடிக்கு வரக்கூடாது. கிளியனூர்லேர்ந்து உங்கம்மா வரக்கூடாது.”

“எங்கம்மா வந்தா பெட்டிக்கு என்ன?”

“அதிரும். பெட்டி செத்துரும்.”

“சரிங்க. வேற?”

“நாலு மணிக்கு காபி. கூட வாழைக்காய் பஜ்ஜி.”

அம்சவல்லி என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் சொல்லி அவள் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதம், ஒன்பது ஞாயிறு, நான் ஒரு அப்டேட்டும் பண்ணவில்லை. பண்ணத் தெரியாது. சங்கத்து லேப்டாப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அப்படியும் மனசாட்சி உறுத்தும். அதனால் தூங்குவதற்கு முன்னால் பெட்டிக்குத் தேங்காயெண்ணெய் தடவுவேன். எங்கள் ஊர் உப்பளத்தில் மண்வெட்டி ஆனாலும் சைக்கிள் ஆனாலும் எண்ணெய் தடவித்தான் வைப்போம். இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். வயர் சொருகும் ஓட்டைகளில் மட்டும் கூடுதலாக இரண்டு சொட்டு விடுவேன்.

இந்தச் சித்திரையில் வந்தது வினை. ஒரு சனிக்கிழமை செயலாளர் சிவஞானம் என்னைக் கூப்பிட்டு ஒரு சிடியை நீட்டினார்.

“ஏம்பா பாலகுரு, கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கான். பழைய சாஃப்ட்வேர்ல ஓட்டையாம். ரோட்ல நின்னுகிட்டே எவன் வேணாலும் உள்ள பூந்து எடையை மாத்தலாமாம். திங்கக்கிழமை காலையில லாரி வர்றதுக்குள்ள மூணுத்துக்கும் ஏத்திடு.”

“சார், விக்டரைக் கூப்பிட்டா...”

“அவர் மஸ்கட் போயி மூணு மாசம் ஆச்சு. அவர் எதுக்கு? நீதான் மாசாமாசம் பண்றியே. ஊருக்கே தெரியும். உன் வீட்டைத் தாண்டும்போது ஆளுங்க சைக்கிள் பெல் கூட அடிக்கிறதில்ல.”

“அதில்ல சார், பெட்டி ஏதாவது ஆயிடுச்சுன்னா...”

“ஆச்சுன்னா திங்கக்கிழமை லாரியெல்லாம் ரோட்டுல நிக்கும். நீ உப்பளத்துல நிப்பே. காவல் வேலை காலியாத்தான் இருக்குது.”

ஞாயிற்றுக்கிழமை. அதுவும் இரண்டாவது ஞாயிறு. பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறினேன். கீழே வீடு மூச்சுவிடாமல் இருந்தது. நான் போட்ட சட்டம். அந்த அமைதி அன்றைக்கு என் கழுத்தை நெரித்தது.

பெட்டியைத் திருப்பினேன். ஓட்டைகள் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. நான் விட்ட எண்ணெய் எங்கே போனது? யோசிக்க நேரமில்லை. வயரைச் சொருகினேன். லேப்டாப்பில் ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

என் பேரைப் போட்டேன். தப்பு என்றது. சிவஞானம் பேரைப் போட்டேன். தப்பு. விக்டர், மரக்காணம், உப்பு, கடைசியாக முருகா. அதுவும் தப்பு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினால் உப்பளத்தில் கையில் தடியோடு நான் நிற்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் பெட்டியின் பின்னால் ஒரு குண்டூசி ஓட்டை தெரிந்தது. அதைக் குத்தினால் பாஸ்வேர்டு போய்விடும் என்று விக்டர் சொன்ன ஞாபகம். கூடவே வேறு என்னமோ சொன்னாரே, அது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஊக்கை எடுத்தேன். ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனேன்.

“ரீசெட் பண்ணாதீங்க. செட்டிங்கெல்லாம் போயிடும்.”

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. அம்சவல்லி. ஊக்கு கைதவறி விழுந்தது. உயிரும் கூடவே விழுந்திருக்கும், மயிரிழையில் தப்பியது.

“நீ... நீ ஏன் மேல வந்தே? அதிரும்னு சொன்னேன்ல?”

“தள்ளி உக்காருங்க.”

தள்ளி உட்கார்ந்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தாள். பார்க்காமல் அடித்தாள். பக்கம் திறந்தது.

“அம்சா, இது உனக்கு எப்படி...”

“நீங்க மொதமொத அப்டேட் பண்ணீங்களே, அன்னிக்கு விக்டர் தம்பி வந்தாரு. பெட்டி எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னாரு. மேல கூட்டியாந்தேன். நீங்க வாயத் தொறந்து தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்பட்டுமான்னு கேட்டாரு. பாவம் தம்பி, அவர எழுப்பாதீங்க, எனக்குச் சொல்லிக் குடுங்கன்னேன்.”

“ஒம்பது மாசமா?”

“மாசத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்துவேன். மூணு பெட்டி செட்டிங்கையும் லேப்டாப்புல காப்பி எடுத்து வைப்பேன். அதுக்கெல்லாம் பத்து நிமிஷம். உங்க எண்ணெயத் தொடைக்கத்தான் ஒரு மணி நேரம் ஆவும். எறும்பு வேற.”

“நான் எங்க இருந்தேன்?”

“இங்கதான். உங்க தலைமாட்டுலதான் உக்காந்து பண்ணுவேன்.”

அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒன்பது மாதம் பஜ்ஜி போட்டுக் கொடுத்த ஒருத்தியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஆனால் திங்கட்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது. சிடியை நீட்டினேன். “சரி, சீக்கிரம் ஏத்து. இத முடிச்சுட்டு ஒரே ஓட்டமா மத்த ரெண்டையும் முடிச்சுரலாம்.”

“மூணையும் ஒரே மூச்சுலயா? எங்கப்பா எத்தனை வருஷம் உப்பளம் பாத்தாரு. புதுத் தண்ணின்னா எல்லாப் பாத்திக்கும் தொறந்து விடமாட்டாரு. ஒரு பாத்தியில விட்டு, உப்பு பூக்குதான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. மொதல்ல இது. அரை மணி நேரம் ஓடட்டும். நல்லா ஓடுச்சுன்னா மத்தது.”

“சரி, அமுக்கு.”

“இருங்க. இப்ப மணி என்ன?”

“பன்னெண்டே கால். அமுக்கேன்.”

“பம்புசெட்டுக்கு கரண்ட் மாத்துறப்ப நம்ம லைன் ஒரு தடவை போயிட்டு வரும். பன்னெண்டரைக்கு. தினம் என் மிக்ஸி அப்பதான் நிக்கும்.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷ வேலைதானே. நான் அமுக்கறேன்.”

ஆண்பிள்ளை என்று காட்ட அந்த ஒரு பொத்தான்தான் எனக்கு மிச்சம் இருந்தது. கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு தலைக்கு மேல் சுற்றிய காத்தாடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம்.

அன்றைக்கு லைன்மேன் சீக்கிரமே மாற்றிவிட்டார் போல. பன்னிரண்டு இருபத்திரண்டுக்கே காத்தாடி நின்றது. பெட்டியில் விளக்கு அணைந்தது. நான் அமுக்கியிருந்தால் அந்த நேரம் பாதி அப்டேட்டில் இருந்திருப்பேன். அவள் கையை நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று பிறகு சொன்னாள். இருக்கும்.

கரண்ட் திரும்பி வந்தது. அவள் அமுக்கினாள். திரையில் நீலக் கோடு ஊர்ந்தது. பத்து, முப்பது, அறுபது. அறுபத்திமூன்றில் நின்றது. நான் திருவக்கரை வக்கிரகாளிக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். அப்போதும் நகரவில்லை. அம்சாவுக்கும் சேர்த்து வேண்டலாமா என்று நினைத்தேன், அவளிடம் யார் சொல்வது என்று விட்டுவிட்டேன். கோடு நகர்ந்தது. நூறு. விளக்கு அணைந்து, மறுபடி பச்சையாக எரிந்தது.

அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு மொபெட்டில் ஆபீஸ் போனோம், எடைமேடை போனோம். ஓட்டியது நான். மற்றதெல்லாம் அவள். திங்கட்கிழமை லாரிகள் வரிசையாக ஏறி இறங்கின. சிவஞானம் என் தோளில் தட்டி, “நீ இல்லாட்டி சங்கமே இல்லப்பா” என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து நன்றியோடு கேட்டேன். “அம்சா, இவ்ளோ தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“எதுக்குங்க சொல்லணும்? டிவி இல்ல, மிக்ஸி இல்ல, விருந்தாளி இல்ல, நீங்களும் இல்ல. மாசத்துல அந்த ஒரு நாள்தான் எனக்கு நிம்மதி. ஆனா இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம். மாடி வேலைய நானே பாத்துக்கறேன். சட்டமெல்லாம் நீங்க போட்டதுதான்.”

இன்று இரண்டாவது ஞாயிறு. அவள் பன்னிரண்டு மணிக்குத் தலையணையோடு மாடி ஏறினாள். குறட்டை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நான் சமையலறையில் இருக்கிறேன். மிக்ஸி போடக்கூடாது, அதனால் சட்னியை அம்மியில் அரைக்கிறேன். பேச்சு போதும், நீங்கள் புறப்படுங்கள். நாலு மணிக்குள் நான் வாழைக்காய் சீவியாகவேண்டும்.