இடது பின்சக்கரம் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன்.

மெக்கானிக்கின் தலையில் நான் சோப்புத் தண்ணீரை ஊற்றவில்லை. தண்ணீர் இருந்த இடத்துக்குத் தலையைக் கொண்டுவந்தவர் அவர். இதை உங்கள் அக்காவிடமும், அவர் சொல்லக் கேட்டுச் சிரித்தவர்களிடமும் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

"கார் சாயறதா அத்தைக்குத் தோணுது, வயசாச்சு, ஞாயித்துக்கிழமை வந்து சாவிய வாங்கிடறேன்" என்று நீங்கள் சொன்னதாக மகள் சொன்னாள். தோன்றவில்லை மாப்பிள்ளை, அளந்தேன். தினமும் காலை ஏழு மணிக்குத் தையல் டேப்பால் ஒவ்வொரு சக்கரத்தின் மேல்வளைவிலிருந்தும் தரைவரை அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். மூன்று மூலையும் இருபத்தாறு அங்குலம். இடது பின்பக்கம் மட்டும் இருபத்து மூன்றரை. கண் மங்கினால் நாலு மூலையிலும்தானே மங்க வேண்டும்?

இந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பை. சென்சார் உயரத்தைச் சொல்லும், கம்ப்யூட்டர் காற்றை ஏற்றி இறக்கும். கையேட்டில் படித்தேன். மெக்கானிக் படித்ததாகத் தெரியவில்லை. வந்தார், ஸ்கேனரைச் சொருகினார், "சென்சார் போச்சும்மா" என்றார். மாற்றினார். மறுநாள் இருபத்து மூன்றரை. "அப்ப காத்துப்பைதாம்மா." அதையும் மாற்றினார். மறுநாளும் இருபத்து மூன்றரை. மூன்றாம் தடவை தூரத்தில் நின்று, "எனக்கு நேராத்தான் தெரியுது" என்றார், தலையைச் சாய்த்துக்கொண்டு. டேப்பை நீட்டினேன். "மெஷினே காட்டாதத டேப்பு காட்டுமாம்மா?" என்று கேட்டாரே, அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏம்ப்பா, சைக்கிள் டியூப்ல ஓட்டைன்னா தண்ணியில முக்கிப் பாக்கறதில்லையா, காத்து இறங்குதுன்னா அது போற வழியத் தேட வேண்டாமா, உன் ஸ்கேனர் என்ன மூக்கா வச்சிருக்கு மோந்து பாக்க, என்று கேட்டுக்கொண்டே துணிசோப்பைப் பக்கெட்டில் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்து, காற்றுக் குழாய் நெடுகத் தடவச் சொன்னேன். "இதெல்லாம் எலக்ட்ரானிக் வண்டிம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டார். நானே மண்டியிட்டுத் தடவினேன். பையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழாயில் குமிழ் குமிழாகப் பொங்கியது. "எங்க, எங்க?" என்று அவர் தலையை நுழைத்தார், கழற்றி வைத்த சக்கரத்தின் மேலிருந்த பக்கெட் கவிழ்ந்தது. இவ்வளவுதான் நடந்தது.

குழாயை மாற்றிய பிறகு நேற்றும் இன்றும் நான்கு மூலையும் இருபத்தாறு. வாய்ப்பேச்சு உதவாது என்று அவரிடம் அறிக்கை எழுதி வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு, சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் மாமா போன பிறகு, கடைக்கோ டாக்டரிடமோ நூலகத்துக்கோ "கொஞ்சம் கொண்டுபோய் விடறீங்களா" என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. இனியும் கேட்பதாக இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு மணப்பெண்ணை ஓட்டிக்கொண்டு வந்தவளும் நான்தான். அன்று யாரும் என்னிடம் சாவி கேட்கவில்லை.

கோபம் உங்கள் மேல்தான், ஆசி உங்கள் இருவருக்கும். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தை

பி.கு.: உறையில் போடுமுன், அறிக்கையில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம் என்று எடுத்தேன். கான்வென்ட் பள்ளியில் படித்த பழக்கம். நான்காவது வரி: "குழாய் நசுங்கிய இடத்தில் கல் உரசிய தடம். மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. வண்டி நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கியிருக்கிறது." பிழை ஒன்றும் இல்லை. போன மாதம் நூலக வாசலில் திரும்பும்போது தடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்துக் கார் என்று நினைத்தேன். இந்தத் தாளைக் கிழித்துப் போட எனக்கு அரை நிமிடம் ஆகாது. கிழிக்கவில்லை, அப்படியே உறையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கேட்கப் போகிறீர்களா இல்லையா என்பதை, போனில் வேண்டாம், எழுத்தில் தெரிவிக்கவும்.