என் முதுகும் நோலீனின் கையெழுத்தும்

முப்பத்தோரு வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்தவன் நான். மணி அடித்தால் குனிவேன், அடுத்த மணிக்குத்தான் நிமிர்வேன். நாளுக்கு நூற்றெண்பது ஆடு. கொட்டகையில் என் கணக்கை எவனும் முந்தியதில்லை. கடைசியில் அத்தனை ஆடும் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

நாலு வருஷம் மாத்திரையில் ஓடியது. அப்புறம் டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆஸ்பத்திரியில் நடக்கும் வலி வகுப்புக்கு அனுப்பினார். எட்டு வாரம். உடற்பயிற்சிக்கு ஒருத்தி, மனசுக்கு ஒருத்தர், தூக்கத்துக்கு ஒரு நர்ஸ். ஒரு முதுகுக்கு மூன்று பேர். மாத்திரை மட்டும் யாரிடமும் இல்லை.

உடற்பயிற்சிக்காரி இமோஜன் என் மகளைவிடச் சின்னவள்.

"வலி ஏறாத அளவுக்கு தினமும் கொஞ்சம் வேலை செய்யணும் டெஸ். எத்தனை நிமிஷம்னு நோட்டுல எழுதணும். அதுக்குக் கீழ உங்க மனைவி கையெழுத்துப் போடணும். வாராவாரம் பத்து சதவீதம் கூட்டணும்."

"என்ன வேலை?"

"பாத்திரம், துணி, தரை துடைக்கிறது. நோலீனுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அங்கேயே முடிவு செய்துவிட்டேன், செய்வதில்லை என்று. நான் முனகினால் டீ வரும். நன்றாக முனகினால் பிஸ்கட்டும் வரும். இப்படி ஒரு ஏற்பாட்டை எவன் கெடுத்துக்கொள்வான்? நோட்டைப் பற்றி நோலீனிடம் மூச்சு விடவில்லை. யூட் வண்டிக்குள் உட்கார்ந்து நானே எழுதினேன்.

ஐந்து நிமிஷம் என்றுதான் போட நினைத்தேன். ஆனால் வகுப்பில் பக்கத்து நாற்காலி க்ளைவ் பாத்திரத்துக்குப் பன்னிரண்டு போட்டிருந்தான். பால்பண்ணைக்காரன். ஆட்டுக்காரன் ஒரு மாட்டுக்காரனிடம் தோற்பதா? முப்பது போட்டேன். துணிக்கு இருபது, தரைக்கு இருபத்தைந்து. கீழே நோலீன் கையெழுத்தையும் நானே போட்டேன். இதைச் சொல்லும்போது இப்போதும் காது சுடுகிறது. பத்து சதவீதத்தை மட்டும் வாராவாரம் ஒழுங்காக ஏற்றினேன்.

எட்டாவது வாரம் வீட்டாரையும் கூட்டி வர வேண்டுமாம். நான் மறைத்துவிட்டேன். இமோஜனே நோலீனுக்கு ஃபோன் செய்துவிட்டாள். நோலீன் லாமிங்டன் கேக் செய்துகொண்டு கூடவே வந்து இறங்கினாள்.

இமோஜன் எல்லார் முன்னாலும் நோட்டை விரித்தாள். "இந்த வகுப்புலயே டெஸ்தான் முதல். தினமும் பாத்திரம் ஐம்பத்து மூணு நிமிஷம். துணி முப்பத்தஞ்சு. தரை நாப்பத்து நாலு. ஒவ்வொரு பக்கத்துலயும் நோலீன் கையெழுத்து."

"வீட்டுல ரெண்டே பேரு," என்றான் க்ளைவ். "தினமும் கல்யாணமா நடக்குது?"

நோலீன் நோட்டை வாங்கி அந்தக் கையெழுத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் ஷூ நாடா கண்ணில் பட்டது. காலையில் அதைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

"என் கையெழுத்துதான்," என்றாள். "இதுவே குறைச்சல். ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்டும் இவன்தான், கோழிக்கூண்டு கழுவுறதும் இவன்தான். எழுத வெட்கப்படுறான்."

"அப்ப அதையும் சேர்த்துடறேன்," என்று இமோஜன் எழுதிக்கொண்டாள்.

"சேர்த்துக்கோ. ஈரத்துணி தூக்கித் தூக்கி ரெண்டு வருஷமா எனக்கு வலது தோள் எழும்பலை. இவன் இல்லைன்னா என் பாடு என்னாகும்?"

கையிலிருந்த கேக்கைத் தட்டில் திருப்பி வைத்தேன். ரெண்டு வருஷம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. என் முனகலே பெரிதாக இருந்ததில் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வெட்கத்துக்கு முன்னால் கள்ளக் கையெழுத்து ஒன்றுமே இல்லை.

வண்டியில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"தோள் வலிக்குதுன்னு ஏன் சொல்லலை?"

"நீ முனகி முடிக்கட்டும்னு காத்திருந்தேன். முடிக்கவே இல்லை."

"அந்த நோட்டு..."

"கையெழுத்து நல்லாத்தான் போடறே. பாத்திரமும் அப்படியே தேய்."

"ஐம்பத்து மூணு நிமிஷம் முதுகு தாங்காது நோலீன்."

"அஞ்சுல ஆரம்பி. நான் மணி அடிக்கிறேன்."

நான் ஓய்வு பெற்றபோது கூட்டாளிகள் அந்தக் கொட்டகை மணியையே பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துச் சமையலறையில் மாட்டினாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம். மணி அடித்ததும் கை தானாக வேலைக்குப் போய்விட்டது. அடுத்த மணியில் நின்றது.

மூன்று மாதம் ஆயிற்று. ஷூ நாடாவை நானே கட்டுகிறேன். முதுகு தேறிவிட்டது என்று அவளிடம் சொல்லத்தான் முகம் இல்லை.

அடுத்த வகுப்பில் அவளும் சேர்ந்திருக்கிறாள், தோளுக்கு. நேற்று தன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 'டெஸ் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது நிமிஷம். வலி இல்லை. அடுத்த வாரம் பத்து சதவீதம் கூட்டலாம்.'

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை என்னுடையதை.